துண்டு போட்ட நாற்காலி

பூந்தமல்லி,
14 டிசம்பர், ஞாயிறு.

அன்புத் தங்கை மெஹக்கிற்கு,

உன் அக்கா ரோஷன் பேகம் ஸலாம் சொல்லி எழுதுவது. இங்கே அம்மா, உன் மச்சான், என் மகள் மூவரும் இறைவன் கிருபையால் நலம். நானும் நலம் என்று எழுதுவதுதான் வழக்கம். அதை இந்த முறை நீயே படித்து முடிவு செய்துகொள்.

கையில் போன் இருக்கக் காகிதம் எதற்கு என்று நீ சிரிப்பாய். உன் போன் கம்பெனி கொடுத்தது, அதில் வருவதை அவர்களும் பார்ப்பார்கள் என்று நீதான் சொன்னாய். ஹாஜா மொய்தீன் மாமா முந்திரிக் கொட்டை வியாபாரமாக வியாழக்கிழமை நீ இருக்கும் தாருஸ்ஸலாமுக்குக் கிளம்புகிறார். அவர் பையில் உனக்கு நார்த்தங்காய் ஊறுகாய், இரண்டு நைட்டி, இந்தக் கடிதம். ஊறுகாய் பாட்டிலை முதலில் வெளியே எடுத்து வை, மூடி சரியில்லை. கடிதத்தைப் பக்கத்தில் யாரும் இல்லாதபோது படி.

அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. நடக்கச் சொன்னால் நமக்கே நடக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர் என்று சண்டைக்கு வருகிறார். உனக்கு மாப்பிள்ளை பார்க்கட்டுமா என்று வாரம் ஒரு தடவை கேட்கிறார். அவளே அங்கு ஒரு ஆளைப் பார்த்துவிட்டாள், ஆறடி உயரமாம் என்று விளையாட்டுக்குச் சொன்னேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. உன் மச்சான் மிக்ஸி ரிப்பேர் கடையில் ஈ ஓட்டுகிறார். மெட்ரோ வேலைக்கு ரோட்டைத் தோண்டியபோது போன வாடிக்கை இன்னும் திரும்பவில்லை. வீடு என் சம்பளத்தில்தான் ஓடுகிறது. இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்பது பின்னால் உனக்குத் தெரியும்.

விஜியைப் பற்றி நீ அனுப்பிய குரல் பதிவைக் கேட்டேன். "அந்தப் பொண்ணுக்குப் புத்தி எங்க போச்சு அக்கா? படிக்கத் தெரியாதா அவளுக்கு? நான் இல்ல சிபாரிசு பண்ணி அவள வேலைக்கு வெச்சேன்? எந்த மூஞ்சிய வெச்சுக்கினு நான் இங்க ஆபீஸ்ல நிக்கறது?" என்று கத்தியிருந்தாய். உன் கோபம் நியாயம்தான். ஆனால் அவளைத் திட்டாதே மெஹக். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அது நம் வீட்டிலேயே நடந்திருக்கிறது.

முதலிலிருந்து சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததையும் சேர்த்துத்தான் சொல்வேன். அப்படிச் சொன்னால்தான் எனக்கு வரும்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் பழைய லேத்துப் பட்டறையின் மூன்றாவது மாடியில் இந்தக் கம்பெனி திறந்த அன்று மேனேஜர் கலியமூர்த்தி சார் பேசியது ஞாபகம் இருக்கிறதா? இரண்டு கறுத்த கைகள் குலுக்கிக்கொள்வது போல ஒரு பேனர் கட்டியிருந்தார்கள். "அமெரிக்காக்காரன்கிட்ட திட்டு வாங்கினது போதும்மா. இது நம்மள மாதிரி ஜனங்களுக்கு நாம செய்யற வேலை," என்றார். எனக்கு அன்று உடம்பு புல்லரித்தது. எங்கோ கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு பிள்ளைத்தாய்ச்சி தன் பாஷையில் போனில் எழுதுகிறாள். மெஷின் அதை இங்கிலீஷ் ஆக்கிக் கொடுக்கிறது. நான் படித்து நிறம் போடுகிறேன். என்னைவிட எட்டு வயது சின்னவள் நீ, என் பக்கத்தில் உட்கார்ந்து வேலை சொல்லிக் கொடுத்தாய். "சிவப்பு போட்டா அங்க நர்ஸ் உடனே போன் போடுவாங்க அக்கா. மஞ்சள்னா மறுநாள். பச்சைன்னா யாரும் பேச மாட்டாங்க, ஒரு பதில் மட்டும் தானா போயிடும். எதுனா சந்தேகம்னா சிவப்பு போட்டுடு," என்றாய். நான் அப்படியே செய்துகொண்டிருந்தேன்.

கம்பெனி உன்னை அங்கே அனுப்பிய பிறகு அது மாறிவிட்டது. அங்கே இருப்பது நான்கு நர்சுகள்தான், இவ்வளவு சிவப்பு அனுப்பினால் எப்படி என்று உங்கள் பக்கத்திலிருந்தே புகார் வந்ததாம். யார் எத்தனை சிவப்பு போட்டார்கள் என்று வாராவாரம் சுவரில் ஒட்டினார்கள். மூன்று வாரம் என் பெயர்தான் மேலே இருந்தது. சிவப்பு பேகம் என்று பெண்கள் கிண்டல் செய்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே கையைக் குறைத்துக்கொண்டேன்.

இனி துண்டு விஷயம். பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பது போல, வர லேட்டாகும் பெண்ணின் நம்பரைத் தட்டி அவள் சீட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்து வைப்போமே, அதற்குத் துண்டு போடுவது என்று பெயர் வைத்ததே நீதான். உன்மேல் பழி போடவில்லை. எத்தனை பேருக்கு அதனால் அரை நாள் சம்பளம் தப்பியது என்று எனக்கும் தெரியும். உன் காலத்தில் சும்மா திறந்து வைத்தால் போதும், பத்து நிமிடம் தாங்கும். இப்போது நான்கு நிமிடம் எதையும் தொடாவிட்டால் பூட்டிக்கொள்கிறது. அதனால் துண்டு போடுகிறவள் தன் சீட்டையும் பார்த்துக்கொண்டு, எட்டி அந்தச் சீட்டிலும் ஒன்றிரண்டு செய்திக்கு நிறம் போட்டுவிட வேண்டும். சுலபமானதாகப் பார்த்துப் போடுவோம்.

நவம்பர் பதினெட்டாம் தேதி இங்கே விடாத மழை. விஜிக்கு இரண்டு மணி ஷிப்டு. பட்டாபிராமில் ஏறியவள் வழியில் மாட்டிக்கொண்டாள். "வண்டி அண்ணனூர்லயே நிக்குது அக்கா, தண்டவாளமெல்லாம் தண்ணி. கொஞ்சம் துண்டு போட்டு வையேன்," என்று போன் செய்தாள். அவளுக்கு அப்போது ஆறு மாதம். அந்த மழையில் வயிற்றைத் தூக்கிக்கொண்டு வருகிறவளுக்கு இதைக்கூடச் செய்யாவிட்டால் எப்படி? இரண்டு மணிக்குத் திறந்து வைத்தேன்.

இரண்டு பத்தொன்பதுக்கு அந்தச் சீட்டில் ஒரு செய்தி வந்தது. திறந்து பார்க்காவிட்டால் முதல் இரண்டு வரிதான் தெரியும், உனக்குத் தெரியாததா? அந்த இரண்டு வரி இதுதான். அக்கா, என் பாதம் இரண்டும் வீங்கிவிட்டன, செருப்பு நுழையவில்லை, என் புருஷனின் செருப்பைப் போட்டுக்கொண்டு நடக்கிறேன்.

மெஹக், நான் அதைப் படித்துவிட்டுச் சிரித்தேன்.

என் மகள் வயிற்றில் இருந்த ஒன்பதாம் மாதம் நானும் உன் மச்சான் செருப்பைத்தான் போட்டுக்கொண்டு அலைந்தேன். நீ பள்ளிக்கூடத்திலிருந்து வரும் வழியில் என்னைப் பார்த்துவிட்டு, படகு வருது படகு வருது என்று தெருவே கேட்கக் கத்தினாய். அழுதுகொண்டு அம்மாவிடம் காட்டினேன். "ஒம்பதாம் மாசத்துல கால் வீங்காத பொம்பள எவ கீறா? எல்லாம் நீர்தான். பார்லி கஞ்சி குடி, காலைத் தூக்கி வெச்சுக்கினு படு," என்றார். குடித்தேன், படுத்தேன், பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. அதனால்தான் அந்தப் பெண்ணின் வரியைப் படித்ததும் எனக்கு அவள் அந்நியமாகத் தெரியவில்லை. நம் வீட்டுப் பெண் ஒருத்தி சொல்வது போல இருந்தது. எனக்குத் தெரிந்த விஷயம் என்று நினைத்துவிட்டேன். முழுதும் திறந்து படிக்காமல் பச்சை போட்டுவிட்டு என் சீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

மூன்றாவது வரியில் இரண்டு நாளாகத் தலைவலி விடவில்லை என்று இருந்ததாம். நான்காவது வரியில் கண் முன்னால் கொசு பறப்பது போல இருக்கிறது என்று இருந்ததாம். வீக்கம், தலைவலி, கண், இவை மூன்றும் சேர்ந்தால் கேள்வியே இல்லை, சிவப்பு. நீ கொடுத்த நோட்டில் முதல் பக்கத்தில் இருப்பது. நான் அந்த வரிகளைப் பார்க்கவே இல்லை.

இரண்டே முக்காலுக்கு முன்பே விஜி வந்துவிட்டாள். நனைந்த தலையைத் துவட்டிக்கொண்டே உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்த பிறகு அந்தப் பெண்ணிடமிருந்து ஒரு வரி பதில் வந்தது. நன்றி அக்கா என்று.

பிறகு நடந்தது என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும். இரண்டாம் நாள் அந்தச் செய்தி அனுப்பிய ஸுஹுராவுக்கு வீட்டிலேயே வலிப்பு வந்து, பைக்கில் நடுவில் உட்காரவைத்துத் தூக்கிப் போய், பிள்ளையை மட்டும் எடுத்தார்கள் என்று நீதான் சொன்னாய். இருபத்திரண்டு வயது. தலைப் பிரசவம்.

ஒரு வாரம் கழித்துக் கலியமூர்த்தி சார் எல்லோரையும் நிற்கவைத்து அந்தச் செய்தியை முழுதாகப் படித்துக் காட்டினார். செருப்பு என்ற இடம் வந்ததும் அது நான் பச்சை போட்ட செய்தி என்று தெரிந்துவிட்டது. அவர் நம்பரைப் படித்தார். விஜியின் நம்பர். நான் வாயைத் திறப்பதற்குள் விஜி முன்னால் வந்துவிட்டாள். "நான்தான் சார். எனக்குப் பச்சை போட்டதே ஞாபகம் இல்ல சார். ஆனா அந்தப் பொண்ணு தேங்க்ஸ் சொன்னது மட்டும் நல்லா ஞாபகம் கீது," என்று சொல்லிவிட்டு அழுதாள். அவள் பொய் சொல்லவில்லை. தானே செய்ததாக மனதார நம்புகிறாள். அன்று மழையில் எத்தனை மணிக்கு வந்தோம் என்பதுகூட அவளுக்குச் சரியாக நினைவில்லை. ஏட்டில் அவள் இரண்டு மணிக்கே வந்ததாக இருக்கிறது. அப்படி இருக்கும்படி செய்தவள் நான்.

சொல்லவே இல்லையா என்று கேட்பாய். அன்று மாலை கலியமூர்த்தி சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் எழுந்து கதவைச் சாத்தினார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். "நீ சொன்னா உண்மை வெளிய வரும், இல்லன்னு சொல்லல. ஆனா துண்டு போடற கதையும் சேர்ந்து வரும். அடுத்தவ நம்பர்ல இன்னொருத்தி உட்கார்றாங்கன்னு தெரிஞ்சா அந்த நாட்டுக்காரங்க ஒரு நாள் வெச்சிருப்பாங்களா நம்மள? இந்த வேலைய கேட்டு இன்னும் நாலு ஊர்ல ஆள் நிக்கறாங்க. நாப்பத்திரண்டு பொம்பளைங்க வீட்டுக்குப் போகணும். அங்க இருக்கிற உன் தங்கச்சியும்தான். விஜி எப்படியும் பிரசவத்துக்கு லீவு போடப் போறவ. யோசிச்சுப் பாரும்மா," என்றார்.

யோசித்தேன். எனக்கு அந்த நேரத்தில் என்ன இருந்தது தெரியுமா? அப்பாடா என்று இருந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, வேண்டாம் என்றது அவர்தானே என்று ஒரு நிம்மதி. கீழே இறங்கி டீ வாங்கிக் குடித்தேன். அந்த டீ எனக்கு நன்றாகவே இருந்தது. இதை எழுதும்போது என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

விஜியை வேலையைவிட்டு எடுத்துவிட்டார்கள். என்ன காரணத்துக்கு எடுத்தோம் என்று கடிதத்தில் எழுதியும் கொடுத்துவிட்டார்கள். இனி இந்த வேலை அவளுக்கு எங்கும் கிடைக்காது.

இரண்டு ஞாயிறு பட்டாபிராம் போனேன். முதல் முறை வாழைப்பழமும் ஹார்லிக்சும் வாங்கிக்கொண்டு, இன்று சொல்லிவிடுவது என்று போனேன். அவள் எனக்குத் தோசை வார்த்துக் கொடுத்தாள். ஆபீசிலிருந்து தன்னைத் தேடி வந்தது நான் ஒருத்திதான் என்று கையைப் பிடித்துக்கொண்டாள். தோசையைத் தின்றுவிட்டு வந்துவிட்டேன்.

இரண்டாவது முறை அவள் வீட்டில் இல்லை. அவள் புருஷன் கோபிதான் இருந்தார். வளைகாப்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். அங்கே ஒருத்தி பிள்ளை முகம் பார்க்காமல் போய்விட்டாள், எனக்கு எதற்கு வளையல் என்றாளாம். எலுமிச்சம்பழம் வாங்கிக்கொண்டு மாங்காடு அம்மன் கோயிலுக்கு ஆறு வாரம் போவதாக வேண்டிக்கொண்டு, அந்த வயிற்றோடு பஸ் மாறி மாறிப் போகிறாள். தனக்காக இல்லை மெஹக். தாயில்லாமல் கிடக்கும் அந்தக் குழந்தைக்காக. கோபி என்னிடம், "நீங்களாச்சும் சொல்லுங்க அக்கா. ராத்திரில தூங்கவே மாட்டேங்குறா. ஆவடி டாக்டரம்மா பிரஷர் ஏறிகினே போவுது, இப்படியே போனா பெட்ல சேர்த்துடுவேன்னுது. காலெல்லாம் வீங்கிப் போச்சு," என்றார்.

 இனி அங்கே போனால் வாசலில் கிடக்கும் அவள் செருப்பைப் பார்க்கக்கூட எனக்குத் தைரியம் இல்லை. ஒரு பெண்ணை என் கண்ணுக்குத் தெரியாத ஊரில் கொன்றேன். இன்னொருத்தியை என் கண் முன்னாலேயே கொன்றுகொண்டிருக்கிறேனோ என்று பயமாக இருக்கிறது.

இனி நான் உன்னிடம் கேட்க வேண்டியதற்கு வருகிறேன். உன் ஆபீஸ்காரர்களோடு நீ பாகமோயோவில் ஸுஹுராவின் வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போனதைச் சொன்னாய். ஸுஹுராவின் தாய் சத்தம் போடவில்லை, யாரையும் ஏசவில்லை என்றாய். யார் செய்தது என்று மட்டும் கேட்டாராம். இந்தியாவில் ஒரு பெண், வேலையைவிட்டு எடுத்துவிட்டோம் என்று நீங்கள் சொன்னீர்களாம். அவள் பெயர் என்ன என்று கேட்டாராம். நீ விஜி என்று சொன்னாயாம். பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பெயரைச் சரியாக வரும்வரை இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தாராம். ஏன் என்று உனக்குப் புரியவில்லை என்றாய்.

எனக்குப் புரிகிறது. உனக்கும் புரிந்திருக்கும், சொல்ல வாய் வரவில்லை. அவரும் நம்மைப் போல ஐந்து வேளை கையேந்துகிறவர். அநியாயம் செய்யப்பட்டவரின் துஆவுக்கும் இறைவனுக்கும் நடுவில் திரை இல்லை என்று அத்தா நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அந்தத் தாய் கையேந்தி ஒரு பெயரைச் சொன்னால் அது எங்கே போய்ச் சேரும்? ஏழு மாதக் கர்ப்பிணியிடம் போய்ச் சேரும். அது பிரஷர்தான், பதுவாவும் இல்லை சாபமும் இல்லை, மாத்திரைக்குக் கேட்கும் என்று நீ சொல்வாய். நான் தினம் எனக்கே சொல்லிக்கொள்வதும் அதுதான். ஆனாலும் அவளுடைய கால் வீங்கியிருக்கிறது மெஹக்.

இன்று விஜியிடம் போகிறேன். கடிதத்தை மாமா வீட்டில் கொடுத்துவிட்டு அப்படியே ஆவடி பஸ் ஏறுவதாக இருக்கிறேன். சொல்லிவிடுவேன் என்று நினைக்கிறேன். ஆனால் இரண்டு முறை இப்படித்தான் நினைத்துக்கொண்டு போனேன், என்னை நானே நம்பவில்லை. ஆபீசில் சொல்ல எனக்குத் துணிவு வருமா என்பதும் தெரியாது. அங்கே ராணி இருக்கிறாள், புருஷன் இல்லாதவள். அனுசுயா இருக்கிறாள், மூன்று பிள்ளை. ஒவ்வொருத்தி முகமாகப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொள்கிறேன். அதனால்தான் உன்னைக் கேட்கிறேன். நான் இங்கே கோழையாகவே இருந்துவிட்டாலும் அங்கே அந்த ஒரு காரியம் நடந்திருக்கட்டும்.

நீ தனியாக அந்த வீட்டுக்குப் போ. ஆபீஸ்காரர் யாரும் கூட வேண்டாம். உனக்குத்தான் அவர்கள் பாஷை வருகிறதே. முன்பு சொன்ன பெயர் தப்பு என்று சொல். அதைச் செய்தவள் என் கூடப்பிறந்த அக்கா என்றும் சொல். இது உனக்கு எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்துதான் கேட்கிறேன். அவர் உன்னை வாசலோடு அனுப்பிவிடலாம். அவர் மூலமாக விஷயம் ஆபீசுக்குப் போய் உன் வேலையும் என் வேலையும் போகலாம். போனால் போகட்டும். மன்னிப்புக் கேட்காதே. மன்னித்துவிடுங்கள் என்று அந்த வீட்டில் போய்க் கேட்கும் யோக்கியதை நமக்கு இல்லை. பெயரை மட்டும் மாற்றிச் சொல்லிவிட்டு வா.

ரோஷன் பேகம். அத்தா பெயர் அப்துல் சமது. ஊர் பூந்தமல்லி. வேறு ரோஷன் பேகம் எத்தனையோ பேர் இருப்பார்கள், அதனால் முழுதும் சொல். அவர் வாய்க்கு வராவிட்டால் வரும்வரை கூட இருந்து சொல்லிக் கொடு.

நேரத்துக்குச் சாப்பிடு. தண்ணீரைக் காய்ச்சிக் குடி. இறைவன் உன்னைப் பத்திரமாக வைக்கட்டும், உன் கைக்கு வரும் எந்தப் பெண்ணின் செய்தியையும் நீ கடைசி வரி வரை படிக்கும்படி செய்யட்டும்.

ஒவ்வொரு முறையும் அக்காவுக்காக துஆ கேள் என்று எழுதி முடிப்பேன். இந்த முறை எனக்குக் கேட்காதே. விஜிக்கு மாசி முதல் வாரம் நாள் சொல்லியிருக்கிறார்கள். அவளுக்குக் கேள்.

உன் அக்கா,
ரோஷன் பேகம்